அடுப்பைத் தொடாமல் ஒரு பனீர் பழக் கிண்ணம்: முழுமையான வழிகாட்டி

கத்திரி வெயில் நாட்களில் சென்னையில் காலை எட்டு மணிக்கே சமையலறைக்குள் நிற்க முடியாது. தோசைக்கல் பக்கத்தில் பத்து நிமிஷம் நின்றால் குளித்ததே வீண். அந்த மாதிரி நாட்களுக்கென்று கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய சாப்பாடு இது: உதிர்த்த பனீர், கெட்டித் தயிர், அந்தந்த மாதத்துப் பழம், மேலே கொஞ்சம் நட்ஸ். அடுப்பு வேண்டாம், மிக்ஸி வேண்டாம். ஒரு கத்தி, ஒரு முள் கரண்டி, ஒரு கிண்ணம் போதும். கை பழகிவிட்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

செய்வது சுலபம். சொதப்புவது அதைவிடச் சுலபம். சொதப்பலுக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். கழுவிய பழத்தில் ஒட்டியிருக்கும் தண்ணீர், வெட்டிய பழம் தானாக விடும் தண்ணீர், தயிரிலிருந்து பிரியும் தண்ணீர், நம் ஊர்க் காற்றிலிருந்து நட்ஸ் இழுத்துக்கொள்ளும் ஈரம் எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் வெளிறிய தண்ணீர் தேங்கிவிடும், மேலே இருக்கிற முந்திரி நமுத்துப் போயிருக்கும். கீழே சொல்லியிருக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்தத் தண்ணீரை அடக்குவதற்காகத்தான்.

பனீர் மட்டும் ஏன் போதாது

வெளிநாட்டு சமையல் வீடியோக்களில் இதற்குப் போடுவது காட்டேஜ் சீஸ். அது சின்னச் சின்ன மணிகளாக, லேசான உப்போடு, கொஞ்சம் க்ரீமில் ஊறியபடி டப்பாவில் வரும். பாலை உறைய வைத்து, வெட்டி, தண்ணீரை வடித்து, அழுத்தாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். பனீர் அப்படியில்லை. சூடான பாலில் புளிப்பு சேர்த்துத் திரித்து, வடிகட்டி, பாரம் வைத்து அழுத்திக் கட்டியாக்குகிறார்கள். அதனால் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பனீரைச் சதுரமாக வெட்டிப் பழத்தோடு கலந்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பழம் முன்னாலேயே தொண்டைக்குள் போய்விடும், பனீரை மென்றுகொண்டே இருக்க வேண்டும்.

பனீரை நன்றாக உதிர்த்து, அதில் தண்ணீர் வடிந்த தயிரைக் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அந்த ஈரமும் லேசான புளிப்பும் உப்பும் வந்துவிடும். அசல் காட்டேஜ் சீஸ் சில பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கொடுக்கிற விலைக்கு அது ஈடில்லை என்பது என் எண்ணம். சத்துக் கணக்கும் வேறு. 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம் புரதமும் 20 கிராமுக்கு மேல் கொழுப்பும் இருக்கும். அதே 100 கிராம் சாதாரண காட்டேஜ் சீஸில் புரதம் 11 கிராம் அளவு, கொழுப்பு 4 கிராம் அளவுதான். ஆக, வீடியோவில் ஒரு கப் போடுகிறார்களே என்று ஒரு கப் பனீர் போட வேண்டாம், வயிறு கனத்துவிடும்.

ஒருவருக்கான அளவு

பனீர் 80 முதல் 100 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அல்லது சரியாகப் பாதி. தண்ணீர் வடிந்த தயிர் மூன்று மேசைக்கரண்டி. நறுக்கிய பழம் ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 120 கிராம். நட்ஸ் ஒரு கைப்பிடி, 20 கிராம். உப்பு ஒரு சிட்டிகை. தேன் அல்லது பேரீச்சம்பழம் விருப்பம்தான். பழம் நன்றாகப் பழுத்திருந்தால் இரண்டுமே தேவையில்லை.

இந்த அளவில் சுமார் 450 முதல் 500 கலோரி வரும், புரதம் 20 கிராமுக்கு மேல். இது முழுக் காலைச் சாப்பாடு. நாலு இட்லி சாப்பிட்ட பிறகு தொட்டுக்கொள்கிற பண்டம் இல்லை. மாலைச் சிற்றுண்டிக்கு என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

பனீர் வாங்கும்போது

சமைக்காமல் சாப்பிடப் போகிறோம் என்பதால் இங்கே கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். தட்டில் திறந்து வைத்து, கத்தியால் வெட்டி எடை போட்டுத் தருகிற பனீர் இதற்கு வேண்டாம். அது குழம்பில் கொதிக்கிற பனீர். எத்தனை கை தொட்டது, எத்தனை நேரம் வெளியில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. சீல் வைத்த பாக்கெட்டாக, கடையின் குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து, மற்ற மளிகையெல்லாம் வாங்கிய பிறகு கடைசியாகக் கூடையில் போடுங்கள். ஆவின் பாலகத்திலும் கிடைக்கும், ஈரோடு பக்கத்து மில்கி மிஸ்டும் அமுலும் தெருமுனைக் கடை வரைக்கும் வந்துவிட்டன. பாக்கெட் பலூனாக உப்பியிருந்தாலோ உள்ளே தண்ணீர் கலங்கலாக நின்றாலோ அதைத் தொடாதீர்கள்.

லேபிளைப் புரட்டிப் பாருங்கள். பொருட்கள் பட்டியலில் பாலும் புளிப்புக்காகச் சேர்க்கும் அமிலமும்தான் இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் தர ஆணைய விதிப்படி பனீரில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரம் நீங்கிய பகுதியில் பாதிக்குக் குறையாமல் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பனீரைப் போலவே வெட்டி அடுக்கியிருக்கும் சில பாக்கெட்டுகளில் 'அனலாக்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்திருப்பார்கள். மசாலாவில் போட்டால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பச்சையாகச் சாப்பிடும்போது வாயின் மேலண்ணத்தில் மெழுகுப் படலம் ஒட்டும், உடனே தெரிந்துவிடும்.

கொழுப்புக் குறைந்த பனீர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம். விதியிலேயே அதற்கு 70 சதவீதம் வரை ஈரம் அனுமதி உண்டு. ஆனால் கொழுப்புக் குறைவதால் உதிர்த்தால் நொறுங்கி வறட்டென்று நிற்கும். அதற்குத் தயிரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட வேண்டும். ஃப்ரீஸரில் கல்லாக இருக்கும் பனீர் இன்னும் சங்கடம். அதை முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உருக விடுங்கள். காலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முதல் நாள் இரவு: தயிர்

இரவு படுக்கப் போகும் முன் இரண்டு நிமிஷ வேலை. ஒரு கப் தயிரை எடுத்து, சுத்தமான பழைய மல் வேட்டித் துண்டை டீ வடிகட்டியில் விரித்து, அதில் ஊற்றி, கீழே ஒரு டம்ளர் வைத்து, அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியில் தொங்கவிடுகிற பழக்கம் மார்கழிக்குச் சரி. சித்திரையில் தொங்கவிட்டால் காலையில் மோர்க்குழம்புக்குத்தான் ஆகும், அவ்வளவு புளித்திருக்கும்.

காலையில் துணியில் நிற்பது பாதி அளவு கெட்டித் தயிர். டம்ளரில் இறங்கிய மஞ்சள் நிறத் தெளிநீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம், உப்பும் பெருங்காயமும் போட்டுக் குடிக்கவும் செய்யலாம். இரவு மறந்துவிட்டால்? கடையில் கிரீக் யோகர்ட் என்று விற்பதை வாங்குங்கள், இனிப்புச் சேர்க்காதது. அதுவும் இல்லையென்றால் தயிரின் மேல்பகுதியைக் கலக்காமல், அகலக் கரண்டியால் ஏடோடு வழித்து எடுங்கள். தண்ணீர் அடியிலேயே நின்றுவிடும். முழுக்க வடிந்த தயிர் அளவுக்கு வராது, ஆனால் உடனே சாப்பிடப் போவதற்குப் பரவாயில்லை.

காலையில்: உதிர்ப்பது, கலப்பது

முதலில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை ஃப்ரீஸரில் போடுங்கள். பழம் நறுக்கி முடிக்கிற நேரத்தில் அது நன்றாகக் குளிர்ந்திருக்கும், சாப்பிட்டு முடிக்கும்வரை கலவையும் சில்லென்று நிற்கும். பித்தளைப் பாத்திரம் வேண்டாம், தயிரின் புளிப்பு ஆகாது.

பனீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் உதிர்த்தால் துண்டு துண்டாக உடையுமே தவிர உதிராது. வெதுவெதுப்பான குடிநீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுங்கள். குழாயில் சூரியன் சுட வைத்துத் தருகிற மத்தியானத் தண்ணீரைச் சொல்லவில்லை, குடிக்கிற தண்ணீர்தான். எடுத்ததும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தித் தண்ணீரை வெளியேற்றி, சுத்தமான துணியில் ஒற்றுங்கள்.

இப்போது விரல் நுனிகளால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கட்டியின் நடுப்பகுதி சட்டென்று உதிர்ந்துவிடும். ஓரமும் மூலையும் அழுத்தத்தில் இறுகியிருப்பதால் அடம்பிடிக்கும், அவற்றைக் கேரட் துருவியில் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டாம். நன்றாகப் பிசிறிய புட்டு மாதிரி, இடையிடையே மிளகு அளவு மணிகள் தட்டுப்பட்டால் அதுதான் பதம். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். விட்டால் சாண்ட்விச்சில் தடவுகிற பேஸ்ட் கிடைக்கும், மெல்லுவதற்கு எதுவும் இருக்காது.

உதிர்த்ததில் உப்பைத் தூவி, முள் கரண்டியால் ஒரு தடவை கிளறி, பிறகு தயிரை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். பனீர் பிராண்டுக்கு பிராண்டு ஈரம் மாறும், அதனால் மூன்று கரண்டி என்று சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முள் கரண்டியில் அள்ளினால் ஒன்றாக நிற்க வேண்டும், கிண்ணத்தைச் சாய்த்தால் வழியக் கூடாது. இனிப்புக் கிண்ணத்துக்கு எதற்கு உப்பு என்று விட்டுவிடாதீர்கள். உப்பில்லாத பனீர் மண்ணாக இருக்கும், பழத்தின் இனிப்பும் எடுபடாது. ஆனால் உப்போ சர்க்கரையோ நறுக்கிய பழத்தின் மேல் நேராகத் தூவக் கூடாது. பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை அவை வெளியே இழுத்துவிடும். உப்பு பனீரில், தேன் கடைசியில்.

ஏலக்காய்த் தூள் போடுவதாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் பாயச வாசனை வந்துவிடும்.

பழம்

சொந்த ரசனைக்கு இடமுள்ள பகுதி இதுதான், சென்னையில் இருப்பதன் லாபமும் இங்கேதான் தெரியும். 1996 முதல் கோயம்பேட்டில் இயங்கும் மொத்தச் சந்தைக்கு எல்லாத் திசையிலிருந்தும் பழம் வந்து இறங்குகிறது. அங்கே போய் வாங்க வேண்டும் என்று இல்லை. அந்த வாரம் எது வண்டி வண்டியாக இறங்குகிறதோ அதுதான் உங்கள் தெருத் தள்ளுவண்டியிலும் மலிவாக நிற்கும். அதையே போடுங்கள். வீடியோவில் ஸ்ட்ராபெரியும் ப்ளூபெரியும் போடுகிறார்களே என்று பிளாஸ்டிக் டப்பாவில் புளித்த ஸ்ட்ராபெரிக்குக் காசைக் கொட்டுவதில் அர்த்தமில்லை.

சித்திரை பிறந்ததும் மாம்பழம். இதற்கு நார் இல்லாத, சதை கெட்டியான ரகம் வேண்டும். பங்கனபள்ளி முதல் தேர்வு, கட்டம் கட்டமாக வெட்டினால் அப்படியே நிற்கும், தண்ணீர் விடாது. இமாம்பசந்த் ருசிக்கு ராஜா, ஆனால் குழைந்துவிடும், அதை வெட்டிக் கலக்காமல் கரண்டியால் சுரண்டி மேலே வையுங்கள். ருமானி விலை குறைவு, லேசான புளிப்பு பனீருக்கு நன்றாகவே சேரும். ஆடி வரைக்கும் ஓடுவது நீலம், வாசனைக்கு அது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்ட வேலை, எத்திலீன் வாயுவை மட்டும் குறிப்பிட்ட அளவில் அனுமதிக்கிறார்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் வாசனையே இல்லாமல், வெட்டினால் உள்ளே வெளிறிப் புளித்தால் சந்தேகப்படுங்கள். மாம்பழத்தைத் தண்ணீரில் அரை மணி போட்டுவிட்டு எடுப்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான். சூடு தணியும் என்பார்கள், எனக்குத் தெரிந்தவரை காம்புப் பால் கழுவிப் போவதற்கே அது நல்லது.

அதே வெயிலில் நுங்கு. இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை, ஆனால் எனக்கு இந்தக் கிண்ணத்தில் மாம்பழத்தைவிடப் பிடித்தது இதுதான். இளசாக வாங்கி, வெளித்தோலை முழுக்க உரித்துவிடுங்கள், துவர்ப்பு அதில்தான். உள்ளே இருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு, சதையைச் சுண்டு விரல் நகம் அளவு வெட்டி, வடிகட்டியில் ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுப் பனீரோடு சேருங்கள். நுங்குக்குத் தனி இனிப்புப் பெரிதாக இல்லை என்பதால் இதற்கு மட்டும் பொடித்த பனங்கற்கண்டு ஒரு கரண்டி. ஊறிய சப்ஜா விதை கொஞ்சம் போட்டால் இன்னும் குளிர்ச்சி.

பண்ருட்டிப் பலா வரும்போது ஒரு சுளை, ஒன்றே ஒன்று. அதற்கு மேல் போட்டால் வேறு எதன் வாசனையும் தெரியாது. அதோடு முந்திரிதான் சேர்க்க வேண்டும், இரண்டும் ஒரே மண்ணில் விளைவதாலோ என்னவோ அவ்வளவு பொருத்தம். ஆவணி முதல் சீதாப்பழம். விதை எடுக்கிற பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. சதையே க்ரீம் பதத்தில் இருப்பதால் தயிரை ஒரு கரண்டி குறைத்துவிடலாம். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைக்கு வாசனை அபாரம், விதையும் உண்டு, பாதியாக வெட்டி விதையை எடுக்க ஆள் இருந்தால் போடுங்கள். கொய்யா, சப்போட்டா, மாதுளை கிட்டத்தட்ட எப்போதும் உண்டு. மாதுளை முத்து ஒன்றுதான் எத்தனை நேரமானாலும் தண்ணீர் விடாமல் நிற்கும், டப்பாவில் எடுத்துப் போகிறவர்களுக்கு அதுவே சரி.

வாழைப்பழத்தில் மலைவாழை, சதை இறுக்கம், மணம் உண்டு. ரஸ்தாளியும் நன்று. பூவன் கொஞ்சம் புளிக்கும், சிலருக்கு அது பிடிக்கும். பச்சை வாழை சீக்கிரம் கொழகொழத்துவிடும். எதுவானாலும் சாப்பிட உட்காரும்போது வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டினால் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுப் புரட்டினால் கறுக்காது. ஆப்பிளுக்கும் இதே கதைதான்.

தர்பூசணி, முலாம்பழம் இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றிலும் புரதத்தை உடைக்கிற நொதிகள் இருக்கின்றன. அன்னாசியில் இருப்பது புரோமிலெய்ன், பப்பாளியில் பப்பெய்ன், கிவியில் ஆக்டினிடின். பனீரும் தயிரும் புரதம்தானே, பக்கத்தில் வைத்த உடனே இவை வேலையை ஆரம்பித்துவிடும். உடைந்த பால் புரதத்துக்குக் கசப்புச் சுவை உண்டு. காலையில் செய்து வைத்த அன்னாசிக் கிண்ணம் பத்து மணிக்குக் கசந்தால் பனீர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், காரணம் அன்னாசி. இவற்றைப் போடுவதானால் தனிக் கிண்ணத்தில் வைத்து, சாப்பிடும்போது மேலே கொட்டி, உடனே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். டின்னில் வரும் அன்னாசியைச் சூடுபடுத்தியே அடைப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. நன்கு பழுத்த பப்பாளியில் பப்பெய்ன் குறைவு, காயில்தான் அதிகம்.

புளிப்புப் பழம் போட்டால் பால் திரிந்துவிடாதா என்ற பயம் மட்டும் வேண்டாம். பனீரே திரிந்த பால்தான். ஆரஞ்சோ சாத்துக்குடியோ தாராளமாகப் போடலாம், வெள்ளை நாரையும் மேல்தோலையும் உரித்துவிட்டுச் சுளையை மட்டும். பாலோடு பழம் சேர்க்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வாதம் பண்ண வேண்டாம், அவர்களுக்கு அதே பனீரை வெள்ளரிக்காயும் மிளகும் போட்டுக் கொடுங்கள்.

கழுவும் விஷயம். வீட்டில் போர் தண்ணீர் வருகிறதென்றால் அதில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், ஆனால் கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ இருக்கட்டும். வெட்டும் முன்பே கழுவ வேண்டும், வெட்டிய பிறகு இல்லை. கழுவியதும் துணியில் துடைத்துவிடுங்கள். மீன், கோழி வெட்டுகிற பலகையில் பழத்தை வெட்டாதீர்கள். இங்கே எதுவும் அடுப்பில் ஏறப் போவதில்லை, கிருமி போக வழியே இல்லை.

நட்ஸ்

நம் ஊரில் நட்ஸுக்கு எதிரி காற்றுதான். கடற்கரை ஊரின் ஈரப்பதத்தில் திறந்து வைத்த பாதாம் ஒரு வாரத்தில் கடக் மொடக் சத்தத்தை இழந்துவிடும். எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடையும் வரும், அதில் வால்நட்தான் முந்திக்கொள்ளும். சவுகார்பேட்டை மொத்தக் கடைகளில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் சின்னச் சின்னக் காற்றுப்புகாத டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீஸரிலோ வைத்துவிடுங்கள். அலமாரியில் ஒரு டப்பா மட்டும்.

எதைப் போடுவது? பணத்தைக் கொட்டி பிஸ்தாவும் வால்நட்டும் வாங்கத் தேவையில்லை. வறுத்த வேர்க்கடலை இதற்கு அருமையாகப் பொருந்துகிறது, புரதமும் அதில் மற்றவற்றைவிடக் கூட. முறத்திலோ தட்டிலோ கொட்டி, இரண்டு உள்ளங்கையால் உருட்டித் தேய்த்து, பால்கனியில் நின்று ஊதினால் தோல் பறந்துவிடும். வீட்டுக்குள் ஊதினால் அப்புறம் துடைப்பம் எடுக்க வேண்டும். உப்புக்கடலை போடுவதானால் பனீரில் உப்பைத் தவிர்த்துவிடுங்கள். பூஞ்சை பிடித்ததாகவோ கறுத்துச் சுருங்கியதாகவோ ஒரு கடலை கண்ணில் பட்டாலும் எடுத்து எறியுங்கள், பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

பாதாமை இரவே ஊற வைத்துத் தோல் உரிப்பது நம் வழக்கம். சாப்பிடலாம், மென்மையாக இருக்கும். ஆனால் மெத்தென்ற பனீருக்கு மேல் மெத்தென்ற பாதாம் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. ஊற வைத்ததைக் கலவைக்குள் நறுக்கிப் போட்டு, மேலே தூவ வேறு ஏதாவது மொறுமொறுப்பானதை எடுங்கள். பொட்டுக்கடலை, பூசணி விதை, ஒரு கரண்டி கடலை மிட்டாய் நொறுக்கல் என்று எதுவானாலும் சரி. கடலை மிட்டாய் போட்டால் தேன் வேண்டாம்.

அடுக்குவது

ஃப்ரீஸரிலிருந்து கிண்ணத்தை எடுத்து, அடியில் பனீர் கலவையைப் பரப்புங்கள். நடுவில் கரண்டி முதுகால் ஒரு சின்னக் குழி. பழத்தை அந்தக் குழியிலும் ஒரு பக்கமாகவும் வையுங்கள், எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி கொட்ட வேண்டாம். தேன் ஒரு சின்னக் கரண்டி, பழத்தின் மேல் இல்லாமல் பனீர் தெரிகிற பக்கத்தில். நட்ஸ் எல்லாவற்றுக்கும் கடைசி, அதுவும் கரண்டி கையில் இருக்கும்போது. கிண்ணத்தில் மொத்தமாகக் கலக்காமல் ஒவ்வொரு வாய்க்கும் ஓரத்திலிருந்து அள்ளிச் சாப்பிட்டால் கடைசி வாய் வரை மொறுமொறுப்பு இருக்கும்.

மெரினா சுண்டல் பக்குவத்தில் ஒன்று

இனிப்புப் பிடிக்காதவர்களுக்கு. பனீர் கலவையில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, மேலே பொடியாக நறுக்கிய கிளிமூக்கு மாங்காய், பல்லு பல்லாகக் கீறிய தேங்காய், வெள்ளரி, வேர்க்கடலை. மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, மிளகுத்தூள், எலுமிச்சை நாலு சொட்டு, கொத்தமல்லி. கடற்கரைச் சுண்டல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளரியின் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள், தண்ணீர் அங்கேதான். கொய்யாவும் மிளகாய்த்தூளும் போட்டும் செய்யலாம், பள்ளிக்கூட வாசல் ருசி.

ஆபீஸுக்கு எடுத்துப் போவது

பால் பொருளும் வெட்டிய பழமும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்புக் கணக்கு. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் அது ஒரு மணி நேரமாகக் குறைந்துவிடும். சென்னையில் வருஷத்தில் பாதி நாள் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து, இறங்கி, பஸ் மாறி ஆபீஸ் சேர்வதற்குள் அந்த ஒரு மணி போய்விடும்.

அதனால் பனீர் கலவை ஒரு டப்பாவில், பழம் இன்னொன்றில், நட்ஸ் ஒரு சின்னப் பொட்டலத்தில். முதல் இரண்டையும் இரவே ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, ஐஸ் பேக்கோடு துணிப்பையில் சுற்றி எடுத்துப் போய், ஆபீஸ் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐஸ் பேக் இல்லையென்றால் சின்னத் தண்ணீர் பாட்டிலை முக்கால் பங்கு நிரப்பி உறைய வைத்தால் அதே வேலை செய்யும், சாயங்காலம் குடிக்கவும் ஆகும். ஆபீஸில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் இதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

யார் கவனமாக இருக்க வேண்டும்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு நட்ஸும் முழுத் திராட்சையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நட்ஸைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டியும் கொடுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கர்ப்பிணிகள் பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆன பாக்கெட் பனீரை மட்டும், திறந்த அன்றே. சர்க்கரை உள்ளவர்கள் தேனை விட்டுவிட்டுக் கொய்யா, ஆப்பிள் பக்கம் போகலாம். சிறுநீரகப் பிரச்சினைக்குப் புரத அளவு சொல்லியிருக்கிறார்கள் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மிச்சம் வந்தால்

பழம் கலந்துவிட்ட கிண்ணத்தை எடுத்து வைக்காதீர்கள், அன்றைக்கே முடித்துவிடுங்கள். பழம் சேராத பனீர் கலவை மூடிய டப்பாவில் மறுநாள் வரை தாங்கும். பாக்கெட்டில் மீந்த பனீர்த் துண்டைக் குடிநீரில் மூழ்க வைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துத் தினமும் தண்ணீரை மாற்றினால் இரண்டு நாள் மெத்தென்று இருக்கும். அதற்கு மேல் ஆனால் பச்சையாக வேண்டாம், பச்சை மிளகாயும் வெங்காயமும் தாளித்து பனீர் புர்ஜியாக்கிச் சப்பாத்திக்கு வைத்துவிடுங்கள். தொட்டால் பிசுபிசுப்பு, முகர்ந்தால் புளிப்பு என்றால் அதற்கும் வேண்டாம், குப்பைக்குத்தான்.